முள்ளெடுத்த கை

உழைத்து உண்ணும் ஒரு தொழிலின் பெயரை வசைச்சொல்லாக வழங்கும் வழக்கம் எல்லாக் காலத்திலும் இருந்து வந்திருக்கிறது. நம் காலத்தில் அந்த நிலைக்கு ஆளாக்கப்பட்டிருப்பது பஞ்சர் ஒட்டும் தொழில். கடந்த சில ஆண்டுகளாகக் கைப்பேசிகளின் வழியே நாடெங்கும் பரவி வரும் ஏளனங்களில் இதுவும் ஒன்று. முஸ்லிம் இளைஞன் ஒருவன் அரசியல் பேசினாலும், இலக்கியம் பேசினாலும், தான் பெற்ற மதிப்பெண்ணைப் பற்றிப் பேசினாலும், "நீ போய்ப் பஞ்சர் ஒட்டு" என்று ஒரே வரியில் அவன் வாயை அடைத்துவிடுகிறார்கள். வடபுலத்தில் கிளம்பிய இந்தச் சொல்லம்பு தெற்கே நம் இல்லங்களுக்குள்ளும் வந்து தைக்கத் தொடங்கியிருக்கிறது. அதற்கு என்ன மறுமொழி கூறுவதென்று அறியாமல் பலரும் திகைக்கின்றனர். சிலர் சினம் கொள்கின்றனர். வேறு சிலர் தம் குடும்பத்தில் அத்தொழில் செய்தவர் எவருமே இல்லை என்று காட்டிக்கொள்ள முனைகின்றனர். இவ்விரண்டையும்விடச் சிறந்த மறுமொழி ஒன்று உண்டு என்பதை, நண்பர் ஒருவரோடு மேற்கொண்ட ஒரு நாள் மோட்டார் சைக்கிள் பயணத்தில் கண்டுகொண்டேன். வாசக அன்பர்களோடு அதனைப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

2025 பிப்ரவரி மாதம். ரமலான் பிறக்க இரண்டு வாரங்களே இருந்தன. கீழக்கரையில் மறுநாள் நடக்கவிருந்த ஒரு நிக்காஹ்வுக்கு எங்கள் இருவருக்கும் அழைப்பு வந்திருந்தது. நாகூரிலிருந்து பேருந்தில் செல்வதானால் பல இடங்களில் இறங்கி மாற வேண்டும். "கடற்கரையை ஒட்டியே போகலாம் தம்பி. வண்டி இருக்கிறது. பகல் முழுவதும் நம்முடையது" என்றார் நண்பர். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவராதலால் நான் அவரை நானா என்றே அழைப்பது வழக்கம். அவருடைய வண்டி, கம்பிச் சக்கரங்கள் பூட்டிய பழைய புல்லட்.

ஃபஜ்ர் தொழுகையை முடித்துக்கொண்டு புறப்பட்டோம். வண்டியின் மீது கை வைத்தபடி நண்பர் பயண துஆவை ஓதினார். இவ்வாகனத்தை நமக்கு வசப்படுத்தித் தந்த இறைவனைத் துதிப்பதும், அவன் அருளின்றி இதனை அடக்கியாளும் ஆற்றல் நமக்கில்லை என்று ஏற்றுக்கொள்வதும் அந்த துஆவின் கருத்தாகும். ஒட்டகத்தின் மீதும் குதிரையின் மீதும் அமர்ந்து முன்னோர் ஓதிய அவ்வேண்டுதல், எண்ணெயால் ஓடும் இரும்பு வாகனத்துக்கும் எத்துணைப் பொருத்தம் என்பதை அன்று பிற்பகல் உணர்ந்தோம்.

தர்கா ஷரீஃபின் பெரிய மினாரா அதிகாலை வெளிச்சத்தில் எங்களுக்கு விடை கொடுத்தது. 131 அடி உயரமுள்ள அந்த மினாராவை 18ஆம் நூற்றாண்டில் எழுப்பித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். நாகப்பட்டினத்தைக் கடக்கும்போது, 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்நகரில் நிகழ்த்திய பேரழிவு நினைவுக்கு வந்து இருவரும் மௌனமானோம். வேளாங்கண்ணியையும் திருத்துறைப்பூண்டியையும் தாண்டி முத்துப்பேட்டையை அடைந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தெற்கே அலையாத்திக் காடுகள். சாலையின் இருமருங்கிலும் தென்னந்தோப்புகள். 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் இப்பகுதியில் தென்னைகளை ஆயிரக்கணக்கில் சாய்த்துவிட்டுப் போனது. அதன்பின் நட்ட கன்றுகள் இப்போது தலைதூக்கி நிற்பதைக் காண மனம் குளிர்ந்தது.

அதிராம்பட்டினத்தில், 1955இல் தொடங்கப்பெற்ற காதிர் முகைதீன் கல்லூரியின் முன்னே நண்பர் வண்டியை நிறுத்தினார். அவர் பயின்ற கல்லூரி அது. இறங்கி உள்ளே செல்வார் என்று எண்ணினேன். அவரோ வண்டியில் அமர்ந்தவாறே வாயிலைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்துப் பின் சொல்லாமலே வண்டியைக் கிளப்பினார். நானும் கேட்கவில்லை. நெடுநாள் நட்பில், கேட்காமல் விடுவதும் ஒரு மரியாதைதான்.

மல்லிப்பட்டினத்தருகே மனோராவைக் கண்டோம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடும் பொருட்டு, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1814-15இல் கடலோரத்தில் எழுப்பிய எட்டடுக்குக் கோபுரம் அது. மினாரா என்னும் சொல்லே மனோரா என மருவிற்று என்பர். காலையில் விட்டுவந்த நாகூர் மினாராவும் தஞ்சை அரண்மனையின் கொடை. இங்கே நிற்கும் மனோராவும் அதே அரண்மனையின் ஆக்கம். நம் மொழிகளும் கலைகளும் இந்தக் கடற்கரையில் எவ்வளவு இயல்பாகக் கலந்து கிடக்கின்றன என்று வியந்தவாறே தெற்கு நோக்கிச் சென்றோம். கட்டுமாவடி, மணமேல்குடி என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. கோட்டைப்பட்டினத்தில் பள்ளிவாசலை அடைந்து, பயணிகளுக்கு மார்க்கம் வழங்கியுள்ள சலுகைப்படி லுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழுதோம். மீன்குழம்பும் சோறுமாக உணவை முடித்துக்கொண்டு மீண்டும் வண்டி ஏறினோம்.

தொண்டியைக் கடந்ததும் நிலத்தின் முகமே மாறிவிடுகிறது. தென்னையும் நெல்லும் பின்னே தங்கிவிட, உவர் நிலமும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை சீமைக்கருவேலமும் எதிர்ப்படுகின்றன. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு இந்த வறண்ட சீமையெங்கும் பரவிவிட்ட மரம் அது. அதனை வெட்டிக் கரி சுட்டு எத்தனையோ குடும்பங்கள் இங்கே பிழைக்கின்றன. நீரையும் நிலத்தையும் அது கவர்ந்துகொண்டதாக உழவர்கள் குறைப்படவும் செய்கின்றனர். இருதரப்பினரும் ஒத்துக்கொள்ளும் ஒரே செய்தி, அதன் முள் மிகக் கொடியது என்பதுதான்.

அந்த முள்தான் எங்கள் பின்சக்கரத்தில் ஏறியது. வண்டியின் பின்பக்கம் மெல்ல ஆடத் தொடங்கியதும் நண்பர் வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டினார். டயர் தரையோடு படிந்து கிடந்தது. அச்சப்பட ஏதுமில்லை. ஆயினும் பிப்ரவரி வெயிலில், ஆளரவமற்ற சாலையில், அந்தக் கனத்த வண்டியை இருவரும் மாறி மாறித் தள்ளியபோது, காலையில் ஓதிய துஆவின் கருத்து விளங்கலாயிற்று. நூறு மைல் தூரத்தைக் காலைப்பொழுதில் விழுங்கிய வாகனத்தை, விரல்நுனியளவு முள்ளொன்று அசையாமல் நிறுத்திவிட்டது!

ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் சென்றதும் வேப்ப மரத்தடியில் ஒரு கொட்டகை தென்பட்டது. கிளையில் ஒரு பழைய டயரைத் தொங்கவிட்டிருந்தார்கள். எழுத்தறியாதவரும் தொலைவிலிருந்தே படித்தறியக்கூடிய பெயர்ப்பலகை அது. உள்ளே தண்ணீர்த் தொட்டி, காற்றடிக்கும் இயந்திரம், சுவரில் முருகன் படம். கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். எங்களைக் கண்டதும் ஒரு சொம்பு நீரை நீட்டி, "முதலில் குடியுங்கள் பாய். வண்டி எங்கும் ஓடிவிடாது" என்றார். அவர் சொன்னதைக் கேட்டு மூவரும் சிரித்தோம்.

பின் அவர் வேலையைத் தொடங்கினார். சக்கரத்தைக் கழற்றினார். நெம்புகம்பிகளால் டயரின் விளிம்பை வளையத்திலிருந்து சிறிது சிறிதாக எழுப்பி, உள்ளிருந்த டியூபை உருவினார். அதில் காற்றை ஏற்றித் தொட்டி நீருக்குள் பகுதி பகுதியாக அமிழ்த்தினார். ஓரிடத்தில் குமிழிகள் கோவையாக மேலெழுந்தன. அவ்விடத்தை அடையாளமிட்டு, துடைத்து, அரத்தால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, சொல்யூஷனைத் தடவினார். உடனே ஒட்டிவிடவில்லை. பசை சற்று உலர்ந்து கையில் பிசுபிசுக்கும் பதம் வரும்வரை பொறுத்திருந்து, ஒட்டுத் துண்டை வைத்து அழுத்தித் தட்டினார்.

அடுத்ததாக, முள்ளின் நுனி டயருக்குள் ஒடிந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அது நின்றால், ஒட்டிய டியூபை மீண்டும் துளைத்துவிடும். அவர் டயரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "பார்வை முன்போல் இல்லை பாய்" என்றார்.

நண்பர் அருகே குந்தி அமர்ந்தார். "அண்ணே, பஞ்சு இருந்தால் கொஞ்சம் கொடுங்கள்" என்று கேட்டார். கடைக்காரர் கொடுத்த பழம்பஞ்சை உருட்டி, டயரின் உட்புறத்தில் மெல்லத் தடவிக்கொண்டே சென்றார். முக்கால் சுற்று வந்ததும் ஓரிடத்தில் பஞ்சின் இழை சிக்கிக்கொண்டது. விரலால் தேடியிருந்தால் விரலைக் கிழித்திருக்கும் முள்நுனியைப் பஞ்சு காட்டிக்கொடுத்துவிட்டது. நண்பர் குறட்டை வாங்கி அதைப் பிடுங்கி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

கடைக்காரர் முள்ளைப் பார்க்கவில்லை. நண்பரின் முகத்தைப் பார்த்தார். "இது தொழில் தெரிந்த கை" என்றார்.

"என் வாப்பா கற்றுக்கொடுத்தது அண்ணே" என்றார் நண்பர்.

அவருடைய தந்தையார் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார் என்பது நான் முன்பே அறிந்ததுதான். அதற்குமேல் அவர் சொன்னதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கந்தூரிக் காலங்களில் இரவு பகலாகக் கடை திறந்திருக்குமாம். வாடகை வரவை நோட்டில் எழுதுவது மகனின் வேலை. நீர்த்தொட்டியருகே அமர்ந்து டியூப் ஒட்டுவது தந்தையின் வேலை. "கல்லூரிக் கட்டணத்துக்காக வாப்பா தரும் நோட்டுகளில் சொல்யூஷன் வாடை வீசும். பணம் கட்டுமிடத்தில் கொடுக்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். இன்று காலை கல்லூரி வாயிலில் நின்றபோது அந்த வாடைதான் நினைவுக்கு வந்தது" என்றார்.

பின்னர், சில மாதங்களாகத் தம் மனத்தில் தைத்திருந்த மற்றொரு முள்ளையும் எடுத்துக் காட்டினார். அவருடைய மகன் வடக்கே ஒரு பெருநகரத்தில் கணிப்பொறித் துறையில் பணியாற்றுகிறான். உடன் பணிபுரிவோர் சிலர் அந்தப் பஞ்சர் ஏளனத்தை அவன் முன்னிலையிலேயே சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அன்றிரவு அவன் தொலைபேசியில், "வாப்பா, நம் அப்பா உண்மையிலேயே பஞ்சர் ஒட்டினார்களா?" என்று கேட்டிருக்கிறான். பாட்டனாரை அப்பா என்பது அவர்கள் வீட்டு வழக்கு. "சைக்கிள் கடை முதலாளியாக இருந்தார்கள் என்று மட்டும் சொன்னேன் தம்பி. ஒட்டினார்கள் என்று சொல்ல என் நா எழவில்லை. அந்தக் கையால் ஒட்டி வந்த காசில் படித்த நா இது" என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே டயரைப் பூட்டினார். "என் மகள் தாதியர் படிப்பு படிக்கிறாள் பாய். அவளுக்கும் இந்த வாடை பிடிக்காது. ஆனால் மாதம் ஒருமுறை வந்து தொட்டித் தண்ணீரை அவள்தான் மாற்றிப்போவாள்" என்றார்.

பேச்சை மாற்றும் பொருட்டு நண்பர் காற்றடைத்த டயரின் வரலாற்றைக் கூறலானார். ஆசிரியரல்லவா! 1845இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் காற்றுச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காக ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். அதன்பிறகே காற்று டயர் உலகெங்கும் பரவியது. தொடக்கத்தில் டயரைச் சக்கரத்தோடு சேர்த்தே ஒட்டிவிடுவார்கள். ஒரு துளையை அடைக்கப் பல மணி நேரம் பிடிக்கும். 1891இல் பிரான்சின் மிஷலின் சகோதரர்கள் கழற்றி மாட்டத்தக்க டயரை உருவாக்கினார்கள். சாலையோரத்தில் ஒருவர் அமர்ந்து சிறிது நேரத்தில் பஞ்சர் ஒட்டித் தரும் தொழிலுக்கு அது வழி திறந்தது. "எல்லாம் ஒரு தகப்பன் மகனுக்காகச் செய்ததில் தொடங்கியது" என்று கூறி நிறுத்தினார் நண்பர். அச்சொல்லைத் தமக்கே கூறிக்கொண்டதுபோல் இருந்தது.

புறப்படும்போது கூலியை நீட்டினார் நண்பர். கடைக்காரர் அதிலிருந்து ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார். "முள்ளை எடுத்தது நீங்கள். அதற்குரிய கூலி உங்களுடையது" என்றார். நண்பர் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மறுக்கவில்லை. இரு கைகளாலும் வாங்கிக் கண்களில் ஒற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அங்கேயே நின்று மகனைத் தொலைபேசியில் அழைத்தார். "உன் அப்பா பஞ்சர் ஒட்டினார்களா என்று கேட்டாயல்லவா? ஒட்டினார்கள். நன்றாக ஒட்டினார்கள். இன்று நானும் ஒரு முள் எடுத்தேன், கூலியும் பெற்றேன். நீ வரும்போது அதை உன்னிடம் தருவேன்" என்றார். மறுமுனையில் என்ன பதில் வந்ததென்று நான் அறியேன். அவர் முகம் மட்டும் தெளிந்திருந்தது. "மகரிபுக்குள் கீழக்கரை போய்ச் சேர்ந்துவிடலாம் பாய்" என்று கடைக்காரர் விடை கொடுத்தார். நம் தொழுகை வேளைகளை நம்மைப்போலவே அறிந்து வைத்திருக்கும் மக்கள் இக்கடற்கரையில் இன்றும் இருக்கிறார்கள்.

தேவிபட்டினத்தையும் இராமநாதபுரத்தையும் கடந்து, மஃரிப் பாங்கு ஒலிக்கும் வேளையில் கீழக்கரையை அடைந்தோம். உமறுப்புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியும், அறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பாவும் அடங்கியிருக்கும் ஊர் அது. கடல் வாணிகத்தில் கையால் உழைத்து ஈட்டிய பொருளைப் புலமைக்கும் மார்க்கக் கல்விக்கும் ஈந்த மரபு அங்கே 17ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது. அந்த மரபின் தொடர்ச்சியாகவே 1984இல் ஒரு பொறியியல் கல்லூரியும், 1988இல் பெண்களுக்கென ஒரு கல்லூரியும் அச்சிற்றூரில் எழுந்தன.

இந்தப் பயணம் எனக்கு உணர்த்தியவை இரண்டு. கைத்தொழிலில் இழிவு என்பதே கிடையாது என்பது முதலாவது. தாவூத் நபி (அலை) அவர்கள் தம் கையுழைப்பிலிருந்தே உண்டார்கள் என்றும், ஸக்கரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்றும் நபிமொழிகள் நமக்கு அறிவிக்கின்றன. எம்பெருமானார் (ஸல்) அவர்கள் தம் காலணியின் கிழிசலைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். கிழிந்ததை ஒட்டுவது நபிவழியில் இடம்பெற்ற செயலாயிருக்க, அதனைச் சொல்லி நம்மை எள்ளுவோரைக் கண்டு நாம் கூசுவானேன்?

கைத்தொழிலைப் போற்றுவதாலேயே நம் பிள்ளைகளின் கல்வி உரிமையை மறந்துவிடலாகாது என்பது இரண்டாவது. நீதியரசர் ராஜேந்தர் சச்சார் தலைமையிலான குழு 2006இல் அளித்த அறிக்கை, நாட்டின் முஸ்லிம்கள் நிரந்தர ஊதியப் பணிகளில் குறைவாகவும் சுயதொழில்களில் மிகுதியாகவும் இருப்பதை எடுத்துக்காட்டியது. தமிழகத்தில் 2007இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கப்பட்டது. ஒருவர் விரும்பித் தேர்ந்த தொழில் வேறு. கதவுகள் அடைபட்டதால் தள்ளப்பட்ட தொழில் வேறு. நண்பரின் தந்தையார் டியூப் ஒட்டியது மகன் கல்லூரிக்குச் செல்வதற்காக. வேப்ப மரத்தடிப் பெரியவர் ஒட்டுவது மகள் தாதியாவதற்காக. ஒருவர் முஸ்லிம், மற்றவர் இந்து. ஏளனம் செய்வோர் ஒரு சமுதாயத்தின் மேல் ஏற்றிவைத்த அத்தொழில், உண்மையில் பிள்ளைகளைக் கரையேற்ற முனைந்த எத்தனையோ பெற்றோரின் தொழிலாக இருக்கிறது.

ஆகவே, நம் வீட்டுப் பிள்ளைகள் இந்தக் கேள்வியோடு வரும்போது அவர்களிடம் மழுப்ப வேண்டாம். பாட்டனார் டியூப் ஒட்டினார், பாய் பின்னினார், தோல் பதனிட்டார், மீன் விற்றார் என்று பெயர் சொல்லி, பெருமை சொல்லி, அவர் கையால் ஈட்டியதில் யார் யார் படித்தார்கள் என்ற கணக்கையும் சொல்லிக் கொடுப்போம். வழியில் கிடந்த முட்கிளையை அகற்றிய ஒரு மனிதரை இறைவன் பொருந்திக்கொண்டு மன்னித்தான் என்பது நபிமொழி. மக்கள் செல்லும் பாதையிலிருந்து நாள்தோறும் முள்ளெடுத்துக்கொண்டிருக்கும் கைகளுக்கு அவனிடத்தில் என்ன மதிப்பிருக்கும் என்பதை நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். எல்லாம் வல்ல இறைவன் அக்கைகளின் உழைப்பிலும், அவற்றால் வளர்ந்த பிள்ளைகளின் கல்வியிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.